‘நாம்’ என்கிற பொய்

சென்ற ஆண்டு கோவையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்ததற்கு எனக்குக் கூலி கொடுத்தார்கள். ‘காற்றில் நுண்நெகிழி: பங்குதாரர் கலந்தாய்வு’ என்று மேடையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. நுண்நெகிழி என்றால் மைக்ரோபிளாஸ்டிக். அதைப் பற்றிப் பேச வரும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் தமிழை ஆங்கிலத்திலும், நிபுணர்களின் ஆங்கிலத்தைத் தமிழிலும் சொல்வது என் வேலை.

ஏற்றுமதியாளர்கள் வந்தார்கள். மெஷின் விற்பவர்கள் வந்தார்கள். இரண்டு பேராசிரியர்கள், ஓர் அதிகாரி, மூன்று தொண்டு நிறுவனங்கள். தொழிலாளர் ஒருத்தர்கூட வரவில்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பீஸ் ரேட்டில் ஓடுகிற மனுஷன் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு ஹோட்டலுக்கு வர மாட்டான். அவன் கூலியை யாரும் தருவதாகவும் சொல்லவில்லை. அவர்கள் பேசுவதை மொழிபெயர்க்க ஆள் வைக்கக் காசு இருந்தது. அவர்கள் வருவதற்குத்தான் இல்லை.

மாலையில் தீர்மானத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். முதல் வரியே நம் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்பதுதான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிற விஷயத்துக்குத் தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நாம். நாங்கள். கேட்கிறவனையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் நாம். அவனை வெளியே நிறுத்தினால் நாங்கள். இந்தத் தூசியைக் கிளப்பியவர்கள் யார், சுவாசித்தவர்கள் யார் என்று தெரியாமல் இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதவே முடியாது. இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

*

என் பெரியம்மா பதினாறு வருஷம் ரைசிங் யூனிட்டில் ஹெல்பராக இருந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்வெட் ஷர்ட்டின் உள்பக்கமும், குளிருக்குப் போடும் ஃபிளீஸ் ஜாக்கெட்டும் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும் இல்லையா? அந்த மெத்து நெசவிலோ பின்னலிலோ வருவதில்லை. நெய்து முடித்த துணியைக் கம்பிப் பற்கள் பதித்த உருளைகளுக்கு மேல் ஓட்டி, சீவிச் சீவி நூலைப் பிய்த்துப் பூ எழுப்புகிறார்கள். அதுதான் ரைசிங். துணி பாலியெஸ்டர் என்றால் பிய்ந்து பறப்பதும் பாலியெஸ்டர். ஷிஃப்ட் முடியும்போது மெஷினில் படிந்ததைச் சுத்தம் செய்ய ப்ளோயர் பிடிப்பார்கள். படிந்திருந்த கொஞ்சமும் அப்போது காற்றுக்குப் போய்விடும்.

பெரியம்மாவின் கைக்குட்டையைப் பார்த்தே அன்றைக்கு என்ன கலர் ஓடியது என்று பெரியப்பா சொல்லிவிடுவார். “இன்னிக்கு நேவி ப்ளூவாட்ட.” வீட்டில் எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

நாற்பத்தெட்டு வயதில் மாடிப்படி ஏற முடியாமல் போனபோது டாக்டர் கேட்டவை மூன்றே கேள்விகள். வீட்டில் பீடி யாராவது? விறகடுப்பா? கோழிப்பண்ணை பக்கத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை. ஆஸ்துமா என்று எழுதி ஒரு பஃப் கொடுத்தார். தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று இருந்தது.

பாலியெஸ்டர்தான் பெரியம்மாவின் நெஞ்சைக் கெடுத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். யாராலும் செய்ய முடியாது. அந்த ஷெட்டின் காற்றில் எத்தனை இழை இருந்தது என்று பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒருத்தரும் அளக்கவில்லை. என் வழக்கே அதுதான்.

*

அளக்கவே முடியாத மாயப் பொருளா அது? இல்லை. பாரிஸில் கட்டடங்களின் மேல் புனல் வைத்து, மழையோடும் தூசியோடும் விழுவதைப் பிடித்து எண்ணி, 2015 முதல் முடிவுகளை வெளியிட்டு வந்தார்கள். 2019இல் பிரனீஸ் மலையில், ஊரே இல்லாத உயரத்தில், ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குச் சராசரியாக 365 துணுக்குகள் விழுவதைக் கண்டார்கள். காற்று அவற்றை 95 கிலோமீட்டர் வரை சுமந்து வந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2020இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள பாதுகாக்கப்பட்ட வனங்களிலும் பாலைகளிலும் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் வானத்திலிருந்து விழுகிறது என்ற ஆய்வு வந்தது. அடுத்த ஆண்டு அதே குழு, அப்பகுதியின் காற்றிலுள்ள துணுக்குகளில் 84 சதவீதம் சாலைத் தூசியிலிருந்து எழுகிறது என்று கணித்தது. டயர், பிரேக், வண்டிச் சக்கரம் நசுக்கிப் பொடியாக்கிய குப்பை.

சுற்றுச்சூழல் பத்திகள் சொல்லாமல் தாண்டிப்போகிற ஓர் எண்ணும் உண்டு. 2017இல் பாரிஸ் குழு வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் காற்றை அளந்தது. உள்ளே ஒரு கனமீட்டரில் 1 முதல் 60 இழைகள் வரை. வெளியே 0.3 முதல் 1.5 வரை. அதாவது பிரச்சினை பெரும்பாலும் கூரைக்குக் கீழே இருக்கிறது. அந்த உள்காற்று இழைகளில் மூன்றில் இரண்டு பங்கு பருத்தி போன்ற இயற்கை இழை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சாதகமான எண்ணை மட்டும் சொன்னால் நானும் ஹோட்டலில் பேசியவர்களும் ஒன்றாகிவிடுவோம்.

குடியிருக்கும் வீடுகளிலேயே இந்த அளவு என்றால், துணியைச் சீவுவதையே தொழிலாக வைத்திருக்கிற ஷெட்டில்?

ஆனால் இந்த விஷயம் நம் ஃபோனுக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு அளவு பிளாஸ்டிக்கை நாம் உள்ளே தள்ளுகிறோம் என்று 2019இல் ஒரு வாசகம் கிளம்பியது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தக் கணக்கு மிகைப்பட்டது என்று பிரித்துக் காட்டினார்கள். அது யாருக்கும் ஃபார்வர்டு ஆகவில்லை. கணக்கு தப்பு என்பதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்த வாசகத்தில் இருக்கிற ‘நாம்’தான் உறுத்துகிறது. மலை உச்சியிலும் பிளாஸ்டிக், தாய்ப்பாலிலும் பிளாஸ்டிக், ஆக எல்லோரும் சமமான பலிகள். எல்லோரும் பலி என்றால் குற்றவாளி என்று தனியாக ஒருத்தர் கிடையாது. எல்லோரும் குற்றவாளி என்றாலும் அதே விடைதான். இந்த ‘நாம்’ இருபுறமும் வெட்டுகிற கத்தி. இரண்டு வெட்டும் எளியவன் மேல்தான் விழும்.

*

“உடல்நலக் கேடு இன்னும் நிரூபணமாகவில்லை” என்று அன்றைக்கு மேடையில் நான்கு பேர் சொன்னார்கள். சுவாசிக்கும், சாப்பிடும் நுண்நெகிழி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையும் பொதுமக்களைப் பொறுத்தவரை சான்று போதவில்லை என்றே சொல்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொதுமக்கள் வேறு, ரைசிங் யூனிட் வேறு. ஆலைத் தளத்தைப் பொறுத்தவரை பதில் தெரிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அது எப்படித் தெரியவந்தது என்பதுதான் கதை.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் ஆலை. நைலான் இழையைப் பொடியாக நறுக்கிப் பசை தடவிய துணிமேல் தூவி, வெல்வெட் போன்ற சோபாத் துணி செய்கிற இடம். டேவிட் கெர்ன் என்ற தொழில்சார் நோய் மருத்துவரிடம் அங்கிருந்து ஒரு தொழிலாளி மூச்சுத்திணறலோடு வந்தார். ஒன்றிரண்டு ஆண்டு கழித்து 1996இல் இன்னொருவர். அதே நிறுவனத்தின் கனடா ஆலையிலும் முன்பே இப்படிச் சிலருக்கு வந்திருந்தது. கெர்ன் தேடிப்போக, நுரையீரல் திசுவே தடித்து இறுகும் நோய் வரிசையாகப் புலப்பட்டது. வெளியே சொல்லக் கிளம்பினார். அப்போதுதான் ஒரு காகிதம் குறுக்கே வந்தது. முன்பு ஆலையைப் பார்க்கப் போனபோது வணிக ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டிருந்தார். நிறுவனம் அதைக் காட்டி எதிர்த்தது. அவர் வேலை பார்த்த மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் அவர் பக்கம் நிற்கவில்லை. 1997இல் மாநாட்டில் கண்டுபிடிப்பை வைத்தே தீர்ந்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற கடிதம் கைக்கு வந்தது. தொழில்சார் சுகாதாரப் பிரிவையும் மூடினார்கள். 1998இல் கட்டுரை வெளிவந்தது. அந்த நோய்க்கு இன்றைக்கு மருத்துவ நூல்களில் தனிப் பெயரே இருக்கிறது: ஃபிளாக் ஒர்க்கர்ஸ் லங்.

அமெரிக்க அரசின் தொழில் சுகாதார ஆய்வாளர்கள் பிறகு அந்தத் தளங்களை அளந்தார்கள். எந்த வேலையின்போது தூசி அதிகமாக எழுந்தது தெரியுமா? அழுத்தக் காற்றை அடித்து மெஷினைச் சுத்தம் செய்யும்போது. எங்கள் ஊர்ப் பாஷையில், ப்ளோயர் பிடிக்கும்போது.

கெர்னும் ஒரு ‘கலந்தாய்வில்’தான் சிக்கினார். ஆலை, மருத்துவமனை, பல்கலைக்கழகம் மூன்றும் கைகோத்துத்தான் இருந்தன. ஒத்துழைப்புக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆலையின் ரகசியத்துக்கு ஒப்பந்தத்தில் இடம் இருந்தது, தொழிலாளியின் நுரையீரலுக்கு இல்லை, அவ்வளவுதான்.

*

பங்குதாரர் என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். தமிழில் பங்குதாரர் என்றால் லாபத்தில் பங்குள்ளவர். கடையில் பங்கு, கம்பெனியில் பங்கு. பெரியம்மாவுக்கு அந்த ஷெட்டில் என்ன பங்கு இருந்தது? அதனால்தானோ என்னவோ அந்தச் சொல்லை மொழிபெயர்த்தவர்களுக்கு அவர் ஞாபகம் வரவில்லை.

இது கோயம்புத்தூர் ஹோட்டலின் பிழை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். 2022 மார்ச்சில் நைரோபியில் உலக நாடுகள் கூடி, பிளாஸ்டிக்குக்கு ஒரு சர்வதேச உடன்படிக்கை செய்வதென்று முடிவெடுத்தன. 2024 இறுதியில் பூசானில் பேச்சு முறிந்தது. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் மறுபடி முறிந்தது. பூசானுக்கு வந்திருந்த எண்ணெய், ரசாயனத் தொழில்களின் பிரதிநிதிகள் 220 பேர், ஜெனீவாவுக்கு வந்தவர்கள் 234 பேர் என்று பதிவுப் பட்டியலை வைத்துச் சூழல் சட்ட அமைப்பு ஒன்று எண்ணிச் சொன்னது. பிளாஸ்டிக் உற்பத்திக்கே உச்சவரம்பு வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்டது. வேண்டாம், கழிவை மட்டும் பேசுவோம் என்று எண்ணெய் நாடுகள் மறித்தன. இந்தியாவும் உற்பத்தி வரம்புக்கு எதிர்ப்பக்கம்தான் நின்றது. எல்லோரும் சம்மதித்தால்தான் முடிவு என்ற விதியில், மறுப்பவன் கையில்தான் பூட்டும் சாவியும்.

இங்கே உள்ளூரில் என்ன இருக்கிறது? நம் தேசியக் காற்றுத் தர நெறி 2009இல் வந்தது. அதில் 12 மாசுகள்: பி.எம். 2.5, பி.எம். 10, ஈயம், ஓசோன், பென்சீன் என்று போகும். தூசியின் எடையைக் கேட்கிறது. அந்தத் தூசி மண்ணா, கரியா, பாலியெஸ்டரா என்று கேட்பதில்லை. 2024இல் திருத்திய பிளாஸ்டிக் கழிவு விதிகளில் நுண்நெகிழிக்கு வரையறை வந்துவிட்டது. நீரில் கரையாத, 1 முதல் 1000 மைக்ரான் வரையுள்ள திடத் துணுக்கு. பெயர் வைத்தாயிற்று. காற்றில் அது எவ்வளவு இருக்கலாம் என்ற அளவு மட்டும் இல்லை.

2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இன்னும் வேடிக்கை. அதன் மூன்றாம் அட்டவணை, மருத்துவர் கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலாக இருந்தது. பருத்தித் தூசியால் வரும் பிஸினோசிஸ் அதில் இருந்தது. பருத்தி நெஞ்சில் போனால் அந்தச் சட்டத்துக்குத் தெரிந்தது. பாலியெஸ்டர் போனால் அதற்கென்று பெயர் இருக்கவில்லை. இதற்கிடையே 2021இல் ஒன்றிய அரசு செயற்கை இழை ஆடைகளையும் தொழில்நுட்பத் துணிகளையும் வளர்க்க ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. 10,683 கோடி ரூபாய். உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பாலியெஸ்டர்தான். திருப்பூரும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது கொள்கை. இருக்கட்டும். அந்தப் பணத்தோடு, அதைச் சீவுகிற ஷெட்டின் காற்றை அளக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கலாமே?

மாறாக நம்மிடம் சொல்லப்படுவது எல்லாம் பையைப் பற்றி. மஞ்சப்பை நல்ல திட்டம், நானும் வைத்திருக்கிறேன். பை கண்ணுக்குத் தெரியும்; அதைப் பிடித்துக்கொண்டு ஃபோட்டோ எடுக்கலாம். இழைக்கு அந்த வசதி இல்லை. பிரான்ஸ் 2020இல் இயற்றிய சட்டத்தில் புதிய வாஷிங் மெஷின்களுக்கு இழை வடிகட்டி வேண்டும் என்றது. அதுவும் தண்ணீரோடு நின்றுவிட்டது. அதே 2020இல் வந்த ஓர் ஆய்வு, பாலியெஸ்டர் உடையைத் துவைப்பதால் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 30 கோடி இழைகளைத் தண்ணீரில் விடுகிறார் என்றால், வெறுமனே உடுத்தி நடமாடுவதால் 90 கோடிக்கு மேல் காற்றில் விடக்கூடும் என்று கணக்கிட்டது.

இதைப் படித்ததும் “நான் காட்டன் மட்டும்தான் போடுவேன்” என்று கையைத் தூக்குகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தோஷம். ஆனால் பருத்தித் தூசியும் நுரையீரலைக் கெடுத்த தூசிதான். உங்கள் சட்டை மாறியதால் பெரியம்மாவின் ஷெட்டுக்கு ஜன்னல் முளைக்காது. முந்நூறு ரூபாய்க்கு மூன்று டி-ஷர்ட் வாங்குகிறவனிடம் போய்த் துணியின் ஒழுக்கம் பேசுவதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

*

எதிர்வாதம் ஒன்றை நான் மதிக்கிறேன். ஹோட்டலில் ஒரு சிறு முதலாளி சாப்பாட்டு வேளையில் என்னிடம் சொன்னது. “தம்பி, நாங்க ஜாப் ஒர்க்குங்க. கிலோவுக்கு இத்தனைன்னு கம்பெனிக்காரன் கொடுக்கறதுதான். இதுல மெஷினுக்கு மூடி போடு, உறிஞ்சி வைன்னா ஆர்டர் பங்களாதேஷ் போயிரும். அப்பறம் உங்க பெரியம்மாவுக்கு வேலையே இருக்காது.”

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இதே பாட்டை நாங்கள் முன்பும் கேட்டிருக்கிறோம். சாயக்கழிவால் நொய்யல் செத்தது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரின் தொட்டியானது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே முடிந்தது என்றார்கள். பலர் வேலை இழந்தது உண்மை. அந்த வருஷத்தை நான் மறக்கவில்லை. பிறகு கழிவுநீர் துளியும் வெளியேறாத முறையோடு பட்டறைகள் திறந்தன. இன்றைக்கு அதே ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டு வாங்குபவரிடம் அதைப் பெருமையாகச் சொல்லி ஆர்டர் பிடிக்கிறார்கள். அத்தனை ஆண்டு கலந்தாய்வுகளால் நகராதது, பாதிக்கப்பட்டவன் நீதிமன்றத்தில் ஏறி நின்றபோது நகர்ந்தது.

யார் நிரூபிப்பது என்ற கேள்விக்கும் பதில் நம் மண்ணிலேயே இருக்கிறது. வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கடுமையான கேடு நேரக்கூடும் என்ற நிலையில், அறிவியல் உறுதி போதவில்லை என்பதைச் சாக்காக வைத்துத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது, தீங்கில்லை என்று காட்டும் சுமை ஆலைக்காரருடையது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னது. இன்னும் “நிரூபியுங்கள்” என்று பெரியம்மா பக்கம் கை நீட்டுகிறார்கள்.

*

கூட்டாகக் கொள்கை வகுப்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கரோலைனா மாநிலங்களில் 1975இல் ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்தார்கள். பழுப்பு நுரையீரல் சங்கம் என்று பெயர். இருமிக்கொண்டே ஊர் ஊராகப் போய் மூச்சுப் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். கணக்கை அவர்களே சேர்த்து அரசின் முன்னால் வைத்தார்கள். 1978இல் பஞ்சுத் தூசிக்குக் கட்டாய வரம்பு வந்தது: நூற்பாலையில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம். முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1981இல் தோற்றார்கள். அங்கே மருத்துவரும் அரசும் தொழிற்சங்கமும் கூடத்தான் வேலை செய்தார்கள். ஆனால் கூட்டத்தைக் கூட்டியவர்கள் இருமியவர்கள்.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டத்துக்கு வரும் தொழிலாளிக்கு அன்றைய கூலி. பேச்சு தமிழில்; ஆங்கிலம் வேண்டியவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக்கொள்ளட்டும், எனக்கும் வேலை கிடைக்கும். ரைசிங், ஷியரிங், கட்டிங் நடக்கிற ஷெட்டுகளில் காற்றிலுள்ள இழையை எண்ணி, எண்ணிக்கையைக் கதவில் ஒட்ட வேண்டும். அதை ரகசியம் என்று எந்த ஒப்பந்தமும் சொல்லக் கூடாது. செயற்கை இழையால் வரும் நுரையீரல் நோயையும் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேருங்கள். அப்புறம் டாக்டரின் நான்காவது கேள்வி தானாக வரும். ப்ளோயரை நிறுத்தி உறிஞ்சும் கருவி வையுங்கள். செலவு ஜாப் ஒர்க்காரர் தலையில் விழாமல், துணியை வாங்குகிற பெரிய கம்பெனியின் விலையிலும், அந்த 10,683 கோடியிலும் இருந்து வரட்டும். ஆலைக்காரர் மேசைக்கு வரட்டும், கணக்கோடு வரட்டும். வரம்பு எவ்வளவு என்று முடிவு செய்யும்போது அவருக்கு ஓட்டு வேண்டாம். ஐரோப்பாவில் யூரோ 7 விதியில் டயர் தேய்மானத்துக்கே வரம்பு வைக்கத் துணிந்துவிட்டார்கள். ஓடுகிற டயரை அளக்க முடிகிறவர்களுக்கு, நான்கு சுவருக்குள் நிற்கிற மெஷினை அளக்க முடியாதா?

அன்று மாலை நான் தீர்மானத்தில் என்ன எழுதினேன் என்று கேட்பீர்கள். ‘நாம்’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன். கூலி வாங்கியிருந்தேன். பக்கத்தில் டீயும் முந்திரி பிஸ்கட்டும் இருந்தது. சங்கடமான சொல்லைத் தவிர்ப்பது எவ்வளவு எளிது என்று அப்போது தெரிந்தது. ஆகவே இதைப் பிழைதிருத்தமாகப் படியுங்கள். கிளப்பியவர்கள் நீங்கள். சுவாசித்தவர்கள் நாங்கள். கணக்கு முடிந்த பிறகு வேண்டுமானால் நாம் என்று பேசுவோம்.

வீட்டுக்குப் போய்ப் பெரியம்மாவிடம் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பஃபை உறிஞ்சிவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “கூப்புட்டா வாறஞ் சாமி. எனக்கென்ன இப்ப வேலையா வெட்டியா. மத்தவீக வரணும்னா ஞாயித்துக்கெழம வெக்கச் சொல்லு.”